பதிலுக்குக் காத்திருப்போர் பார்வையில் அண்ணா நூற்றாண்டு நூலகம்

சென்னை கோட்டூர்புரத்தில் உள்ள அண்ணா நூற்றாண்டு நூலகத்தைப் பற்றிப் புத்தகப் பிரியர்கள் நிறைய எழுதியிருக்கிறார்கள். போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள் அதைவிட அதிகமாக எழுதியிருக்கிறார்கள். தனியார் நிறுவனங்களுக்கு விண்ணப்பம் போட்டுவிட்டு, வரும் என்று சொல்லப்பட்ட பதில் வராமல் காத்திருக்கும் நடுவயதுக்காரர் ஒருவருக்கு அந்த நூலகம் எந்த அளவுக்குப் பயன்படும் என்று யாரும் எழுதி நான் பார்த்ததில்லை. கணக்குப் பிரிவில் பல ஆண்டுகள் வேலை பார்த்து, நிறுவனம் ஆட்குறைப்புச் செய்தபோது வெளியே வந்து, அடுத்த வேலை அமையும் வரையிலான இடைவெளியில் பெரும்பாலான பகல்களை அங்கே கழித்தவன் என்ற முறையில் இந்த மதிப்புரையை எழுதுகிறேன். முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். அந்த நூலகத்தால் எந்த நிறுவனத்தையும் பதில் சொல்ல வைக்க முடியாது. ஆனால் பதில் வராத நாட்கள் ஒன்றோடொன்று கலந்து உருத்தெரியாமல் போவதைத் தடுக்கும் இடங்களில், இந்த நகரத்தில் அதற்கு இணையாகக் காசு கொடுத்தும் கிடைக்காது. அதுவும் நாம் ஓர் ஒழுங்கைக் கையோடு கொண்டுபோனால் மட்டும்.

இடத்தைப் பற்றிச் சொல்வதற்கு முன், எதைச் சமாளிப்பதற்காக அங்கே போகிறோம் என்பதைச் சொல்ல வேண்டும். ‘தேர்வாகவில்லை’ என்று ஒரு வரி வந்தால் அன்று மாலை வரை மனம் கசக்கும், மறுநாள் அடுத்த வேலையைப் பார்க்கலாம். ஒன்றுமே வராதபோதுதான் மனம் காரணங்களைத் தானாகவே புனையத் தொடங்குகிறது. சம்பளம் அதிகமாகக் கேட்டுவிட்டோமா, வயது உறுத்தியதா, பழைய மேலாளர் ஏதாவது சொல்லிவிட்டாரா என்று நள்ளிரவில் எழுந்து யோசிக்க வைக்கிறது. என் விஷயத்தில் ஒரு நிறுவனம் மூன்று சுற்று நேர்காணல் வைத்து, எப்போது சேர முடியும் என்று கேட்டு, பழைய சம்பளச் சீட்டுகளையும் வாங்கிக்கொண்டு, ‘எச்.ஆர்.லேருந்து திங்கட்கிழமை கூப்பிடுவாங்க சார்’ என்று அனுப்பிவைத்தது. எந்தத் திங்கட்கிழமை என்று அவர்கள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அதன்பிறகு அந்த எண்ணை யாரும் எடுக்கவேயில்லை.

இந்த மௌனத்துக்குப் பின்னால் பெரும்பாலும் பகையோ அவமதிப்போ இருப்பதில்லை என்பது ஆள் எடுக்கும் வேலையில் இருந்தவர்களிடம் பேசினால் விளங்கும். நம் ஊர்த் தனியார் துறையில், குறிப்பாக மென்பொருள் நிறுவனங்களிலும் அவற்றைப் பார்த்து விதி வகுத்துக்கொண்ட மற்ற நிறுவனங்களிலும், வேலையை விடுவதற்கு 60 நாள், 90 நாள் முன்னறிவிப்பு கேட்கிறார்கள். அந்த மூன்று மாதத்துக்குள், தேர்வானவர் கையிலிருக்கும் கடிதத்தைக் காட்டி இன்னோர் இடத்தில் கூடுதலாகக் கேட்டுவிட்டுப் போய்விடுவது சாதாரணமாக நடக்கிறது. எனவே முதலாமவர் வந்து நாற்காலியில் உட்காரும் வரை, இரண்டாமவருக்கு ‘இல்லை’ என்று சொல்ல எந்த நிறுவனத்துக்கும் மனம் வராது. சொல்லாமல் வைத்திருந்தால்தான் தேவைப்படும்போது கூப்பிட முடியும். நாம் அவமானம் என்று எடுத்துக்கொள்ளும் மௌனம், பல நேரங்களில், இரண்டாவது இடத்தில் நம்மை நிறுத்திவைத்திருப்பதன் அடையாளம். இதைத் தவிர, விளம்பரம் வந்த பிறகு அந்தப் பணியிடத்துக்கான ஒப்புதல் நிறுத்திவைக்கப்படுவதுண்டு. உள்ளேயே ஒருவரை முடிவு செய்துவிட்டு ஒப்புக்கு விளம்பரம் போடுவதும் உண்டு.

நேர்காணல் வரைகூடப் போகாத விண்ணப்பங்களின் கதை வேறு. நௌக்ரி என்ற வேலைவாய்ப்பு இணையதளம் 1997-இல் தொடங்கியதிலிருந்து இந்தத் தொழில் நடக்கும் முறை ஒன்றுதான்: வேலை தேடுபவர் பதிவு செய்வது இலவசம், ஆள் தேடும் நிறுவனம்தான் பணம் கட்டுகிறது. பணம் கட்டுபவருக்கு விண்ணப்பக் குவியலைத் தவிர, சுயவிவரங்கள் முழுவதையும் தேடிப் பார்க்கும் வசதியும் கிடைக்கிறது. அனுபவ ஆண்டு, ஊர், எதிர்பார்க்கும் சம்பளம், எத்தனை நாளில் சேர முடியும் என்ற நான்கைந்து வடிகட்டிகளைப் போட்டு மேலே வரும் சிலரைக் கூப்பிட்டு வேலையை முடித்துவிடலாம். அப்படி முடிந்துவிட்டால் வந்து குவிந்த விண்ணப்பங்களை யாரும் திறந்திருக்கவே மாட்டார்கள். திறக்கப்படாத விண்ணப்பத்தை நிராகரிக்கப்பட்ட விண்ணப்பமாக எண்ணித் துக்கப்படுவது வீண்.

சட்டமும் இதில் அதிகம் கைகொடுப்பதில்லை. 25 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் தனியார் நிறுவனங்கள் தங்கள் காலிப் பணியிடங்களை வேலைவாய்ப்பு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்று இந்தியாவில் 1959-ஆம் ஆண்டிலேயே ஒரு சட்டம் வந்தது. தெரிவித்த காரணத்துக்காக அந்த அலுவலகத்தின் மூலம்தான் ஆள் எடுக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை என்பதும் அதே சட்டத்தில் எழுதப்பட்டிருந்தது. விண்ணப்பித்தவருக்குப் பதில் சொல்வதைப் பற்றி அதில் பேச்சே இல்லை. கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தில் 2026 ஜனவரி 1 முதல், 25 பேருக்குக் குறையாத நிறுவனங்கள் பொது விளம்பரம் கொடுத்து நேர்காணலுக்கு அழைத்தவர்களுக்கு, கடைசி நேர்காணலிலிருந்து 45 நாட்களுக்குள், முடிவெடுத்தாயிற்றா என்பதைத் தெரிவித்தாக வேண்டும் என்று விதி வந்திருக்கிறது. அப்படி ஒரு விதி இங்கே வரும் வரை, பதில் வரும் நாளை நாமேதான் குறித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. அந்தக் குறிப்பேட்டைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

இப்போது நூலகம். காந்தி மண்டபம் சாலையில் 8 ஏக்கர் நிலத்தில், தரைத்தளமும் அதற்கு மேல் எட்டு மாடிகளுமாக நிற்கும் கட்டடம். அண்ணாவின் பிறந்தநாளான செப்டம்பர் 15 அன்று, 2010-இல், அப்போதைய முதல்வர் கருணாநிதி திறந்துவைத்தார். 12 லட்சம் நூல்களை வைக்கும் கொள்ளளவோடு திட்டமிடப்பட்டது. காலை 8 மணிக்குத் திறந்து இரவு 8 மணிக்கு மூடுகிறார்கள். நுழைவுக் கட்டணம் இல்லை. வேளச்சேரி செல்லும் பறக்கும் ரயிலில் வருபவர்கள் கோட்டூர்புரம் நிலையத்தில் இறங்கிச் சற்றுத் தூரம் நடக்க வேண்டும். வெயில் காலத்தில் அந்த நடை கொஞ்சம் சோதிக்கும், ஆனால் நாள் முழுவதும் உட்கார்ந்திருக்கப் போகிறவருக்கு அது தேவையான நடைதான்.

வேலை இல்லாதவருக்கு இங்கே கிடைக்கும் முதல் நன்மை, உள்ளே போகும்போது யாரும் ‘என்ன பண்றீங்க?’ என்று கேட்பதில்லை என்பது. இதன் அருமை வீட்டில் இருந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். காலை பத்து மணிக்கு மொட்டை மாடியில் துணி காயப்போடப் போனால் எதிர்வீட்டு அக்கா, ‘தம்பி, இன்னைக்கும் லீவா?’ என்கிறார். ஊரிலிருந்து தொலைபேசியில் பேசும் பெரியப்பா, ‘ஏதாச்சும் வந்துச்சாப்பா?’ என்று கேட்காமல் வைப்பதில்லை. இருவருமே அக்கறையில்தான் கேட்கிறார்கள். ஆனால் ஒரே நாளில் நான்கு பேருக்கு ‘இன்னும் இல்லை’ என்று சொல்லிக்கொண்டிருந்தால், நிறுவனங்களின் மௌனத்தை நாமே அவர்கள் சார்பில் வாய்விட்டுப் படித்துக்காட்டுகிற நிலை ஏற்படுகிறது. நூலகத்தில் உட்கார்ந்திருக்கும் மனிதரைப் பார்த்து அவர் வேலையில்லாதவர் என்று யாரும் முடிவு செய்வதில்லை. ஓய்வு பெற்றவர், ஆராய்ச்சி மாணவர், வழக்கறிஞர், எழுத்தாளர் என்று யாராகவும் இருக்கலாம்.

இது தருமமாகக் கிடைப்பது என்று கூச்சப்பட வேண்டியதும் இல்லை. 1948-இல் அன்றைய மதராஸ் மாகாணம் இயற்றிய பொது நூலகச் சட்டத்திலிருந்து, சொத்து வரியோடு நூலக வரியையும் சேர்த்து வசூலிக்கிறார்கள். சொந்த வீட்டுக்காரர் நேரடியாகக் கட்டுகிறார், வாடகை வீட்டுக்காரர் வாடகைக்குள் மறைமுகமாகக் கட்டுகிறார். சம்பளம் வந்த காலத்தில் கட்டிய பணத்துக்கு, சம்பளம் வராத காலத்தில் போய் உட்காருகிறோம்.

இடமும் நேரமும் இலவசமாகக் கிடைத்தால் மட்டும் வேலையில்லாதவர் படிக்கத் தொடங்கிவிடுவார் என்று நினைப்பவர்கள் மரியன்தால் ஆய்வைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஆஸ்திரியாவில் வியன்னாவுக்கு அருகே இருந்த அந்தச் சிற்றூர் முழுவதும் ஒரே ஒரு நெசவு ஆலையை நம்பியிருந்தது. 1929-க்குப் பிறகு ஆலை மூடப்பட்டதும் ஊரே வேலை இழந்தது. மரீ யகோடா, பால் லாசர்ஸ்ஃபெல்ட், ஹன்ஸ் சைசல் ஆகியோர் அங்கே போய்ப் பார்த்து 1933-இல் வெளியிட்ட ஆய்வில், என்னை மிகவும் யோசிக்க வைத்த செய்தி அந்த ஊர் நூலகத்தைப் பற்றியது. புத்தகம் இரவல் வாங்குவதற்கு இருந்த கட்டணத்தையும் நீக்கிவிட்டார்கள். மக்களுக்கோ நாள் முழுவதும் ஓய்வு. ஆனாலும் 1929-க்கும் 1931-க்கும் இடையில் இரவல் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்துவிட்டது. பெரும்பாலான ஆண்கள் கடிகாரத்தை உடன் வைத்துக்கொள்வதையே விட்டுவிட்டார்கள். தெருவில் நடக்கும்போது அடிக்கடி நின்று நின்று நடந்தார்கள். நேற்று என்ன செய்தீர்கள் என்று கேட்டால், எழுந்தது, சாப்பிட்டது, படுத்தது ஆகிய மூன்றைத் தவிர வேறெதுவும் அவர்கள் நினைவில் தங்கவில்லை. வேலை என்பது சம்பளத்தைத் தவிர, நாளுக்கு ஒரு வடிவத்தையும், வீட்டுக்கு வெளியே மனிதர்களையும், ஒரு பொது நோக்கத்தையும் சமூகத்தில் ஓர் இடத்தையும் தருகிறது என்று யகோடா பிற்காலத்தில் விரிவாக எழுதினார்.

ஆகவே இந்த நூலகத்தை மதிப்பிடும்போது, அது எத்தனை லட்சம் நூல் வைத்திருக்கிறது என்ற கணக்கு எனக்கு இரண்டாம் பட்சம். யகோடா பட்டியலிட்டவற்றில் எதையெல்லாம் அது ஈடுசெய்கிறது என்பதே கேள்வி. நாளின் வடிவத்தை நன்றாகவே தருகிறது, ஏனென்றால் திறக்கும் நேரமும் மூடும் நேரமும் நம் கையில் இல்லை. வீட்டுக்கு வெளியே மனிதர்களைத் தருகிறது, ஆனால் அவர்களோடு பேச முடியாது. பொது நோக்கத்தையும் சமூக இடத்தையும் தருவதில்லை. ஒரு நூலகத்திடம் அதை எதிர்பார்ப்பதும் நியாயமில்லை.

மனிதர்கள் என்று சொன்னதில் ஒரு பகுதியை விரிவாகச் சொல்ல வேண்டும். தரைத்தளத்தில், சொந்தமாகக் கொண்டுவரும் நூல்களைப் படிப்பதற்கென்று ஒரு கூடம் இருக்கிறது. பெரும்பாலும் டி.என்.பி.எஸ்.சி. தேர்வுக்குப் படிப்பவர்களால் நிறைந்திருக்கும். முப்பதைத் தொட்ட ஆண்களும் கைக்குழந்தையை அம்மாவிடம் விட்டுவிட்டு வந்த பெண்களும் ஆறாம் வகுப்பு வரலாற்றுப் பாடநூலைக் கையில் வைத்துக்கொண்டு, வரிக்கு வரி மஞ்சள் மைக்கோடு போட்டு, உதடு அசையப் படித்துக்கொண்டிருப்பார்கள். பள்ளிப் பாடநூல்களிலிருந்துதான் கேள்விகள் அதிகம் வருகின்றன என்பதால் இந்த ஏற்பாடு. பலருடைய நோட்டின் உள்ளட்டையில் தேதிவாரியாக எழுதிய அட்டவணை ஒட்டியிருக்கும். முடித்த பாடத்துக்கு நேரே ஒரு டிக். பக்கத்து நாற்காலியிலிருந்து எட்டிப் பார்த்தபோதுதான் அவர்களுடைய காத்திருப்புக்கும் என்னுடையதற்கும் உள்ள வேறுபாடு எனக்குத் தெளிவானது. அவர்களும் காத்திருப்பவர்கள்தான், பல லட்சம் பேர் போட்டியிடும் தேர்வில் வெற்றி வாய்ப்பு என்னுடையதைவிடக் குறைவாகவும் இருக்கலாம். ஆனால் தேர்வாணையம் ஆண்டுத் திட்ட அட்டவணை வெளியிடுகிறது, தேர்வுக்கு ஒரு தேதி இருக்கிறது, முடிவு வந்தால் பட்டியலில் தன் எண் இருக்கிறதா இல்லையா என்று பார்த்துக்கொள்ளலாம். தாமதமாகலாம், ஆனால் முடிவே சொல்லாமல் விட்டுவிட முடியாது. தனியார் வேலைக்கு முயல்பவருக்கு இல்லாதது அந்தத் தேதிதான்.

தேதியை நாமே போட்டுக்கொள்ளலாம் என்ற எண்ணம் எனக்கு அந்தக் கூடத்தில்தான் வந்தது. கணக்குப் பிரிவில் இருந்தவர்களுக்கு இது புதிதல்ல. வர வேண்டிய பாக்கியை எத்தனை நாள் ஆயிற்று என்று வரிசைப்படுத்தி, குறிப்பிட்ட காலம் தாண்டியதை வாராக்கடனாக எழுதித் தள்ளுவோம். எழுதித் தள்ளிய பிறகும் வாடிக்கையாளர் ஒருநாள் பணம் கட்டினால் வாங்கிக்கொள்வோம். அதை வருமானத்தில் சேர்த்துவிடுவோம், யாரும் வேண்டாம் என்று சொல்லமாட்டோம். விண்ணப்பங்களையும் அப்படியே ஒரு நீள நோட்டில் பதியத் தொடங்கினேன். நிறுவனம், விண்ணப்பித்த நாள், பேசியவர், அவர் சொன்ன கடைசி வாக்கியம், நான் போட்ட கெடு. நேர்காணல் இல்லாத விண்ணப்பத்துக்கு இரண்டு வாரம். நேர்காணல் நடந்திருந்தால், ஒரு வாரம் கழித்து நான்கு வரியில் ஒரு மின்னஞ்சல், இன்னொரு வாரம் கழித்து ஒரு தொலைபேசி அழைப்பு, மாத முடிவில் சிவப்பு மையில் கோடு. அந்த மின்னஞ்சலில் கெஞ்சலும் கூடாது, குத்திக்காட்டலும் கூடாது. எந்தப் பணிக்காக எந்த நாளில் சந்தித்தோம் என்பதும், இன்னும் ஆர்வமாக இருக்கிறேன் என்பதும், முடிவு எப்போது தெரியும் என்ற கேள்வியும் போதும். கோடு போட்ட பிறகு அந்த நிறுவனத்தின் பெயரைத் தேடிப் பார்ப்பதில்லை, அங்கே வேலை செய்பவர்களின் பக்கங்களைப் போய்ப் பார்ப்பதில்லை. மூன்று சுற்று நேர்காணல் வைத்த அந்த நிறுவனத்துக்கும் மாதக் கடைசியில் கோடு விழுந்தது.

இந்த முறை வீட்டிலிருந்தும் செய்யக்கூடியதுதானே என்று கேட்கலாம். செய்யலாம், ஆனால் கோடு போட்ட மறுநிமிடம் கை தானாகத் தொலைபேசிக்குப் போகும். நான் வகுத்துக்கொண்ட பிரிவினை இதுதான்: விண்ணப்பம் போடுவது, மின்னஞ்சல் பார்ப்பது எல்லாம் விடியற்காலையில் வீட்டில், மடிக்கணினியில், நூலகத்துக்கு நோட்டும் பேனாவும் மட்டும். நடுப்பகலில் ஒருமுறை வெளியே வந்து தொலைபேசியைப் பார்ப்பது, மாலை வீடு திரும்பியதும் இன்னொரு முறை. மாடியில் ஒரு நூலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டால், ‘பார்க்கலாமா’ என்ற அரிப்பு முதல் அரைமணி நேரம் இருக்கும், பிறகு அடங்கிவிடும். சுற்றிலும் ஐம்பது பேர் தலைகுனிந்து படித்துக்கொண்டிருக்கும்போது நாம் மட்டும் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை திரையைத் தடவிக்கொண்டிருப்பது நமக்கே கூச்சமாக இருக்கும். அந்தக் கூச்சம்தான் இந்த இடம் தரும் உண்மையான சேவை என்று நான் சொல்வேன்.

என்ன படிப்பது என்பதிலும் கொஞ்சம் தேர்ந்தெடுப்பு வேண்டும். முதல் தளத்தில் பருவ இதழ்கள் இருக்கின்றன. வணிக நாளிதழ்களையும் தொழில் இதழ்களையும் அங்கே புரட்டுவது வேலை தேடுபவருக்கு நேரடியாகப் பயன்படும். எந்த நிறுவனம் எந்த ஊரில் ஆலை கட்டுகிறது, யார் யாரை வாங்கியிருக்கிறார்கள், யார் கடன் திரட்டுகிறார்கள் என்ற செய்திகள் வேலை விளம்பரத்துக்குப் பல மாதம் முன்னால் வந்துவிடுகின்றன. புதிதாக ஒரு கிளை தொடங்கப்போகும் நிறுவனத்துக்குக் கணக்காளர் தேவைப்படுவார் என்பது சொல்லித் தெரிய வேண்டியதில்லை. விளம்பரம் வந்த பிறகு ஆயிரத்தில் ஒருவராக வரிசையில் நிற்பதைவிட, வருவதற்கு முன் அவர்களுடைய நிதிப்பிரிவுக்கு எழுதும் கடிதத்துக்குப் பதில் வரும் வாய்ப்பு அதிகம் என்பதை என் நோட்டே காட்டியது. இரண்டாம் தளத்தின் தமிழ் நூல்களைப் பிற்பகலுக்கு வைத்துக்கொள்வேன். காலையிலேயே அங்கே போய்விட்டால் அன்றைய வேலை கெட்டுவிடும். இது குறை சொல்வதல்ல, பாராட்டு.

இந்தப் பயனுக்கு இந்த இடம் ஒத்துவராத பக்கங்களும் உண்டு. முதலாவது தொலைபேசி அழைப்பு. ஆள் எடுப்பவர்கள் முன்னறிவிப்பு இல்லாமல், முற்பகலில்தான் அதிகம் கூப்பிடுகிறார்கள். படிப்பறைக்குள் பேச முடியாது, பேசவும் கூடாது. தெரியாத எண் அதிர்ந்ததும் நாற்காலியைச் சத்தமின்றித் தள்ளி, படிக்கட்டுப் பக்கம் ஓடி, மூச்சு வாங்க ‘வணக்கம் சார்’ என்று சொன்னால், மறுமுனையில் ஒரு பெண் தனிநபர் கடன் வேண்டுமா என்று கேட்பார். மாதச் சம்பளம் எவ்வளவு என்பது அவருடைய அடுத்த கேள்வி. 140 என்று தொடங்கும் எண்கள் விளம்பர அழைப்புக்கென்று ஒதுக்கப்பட்டவை என்பதைத் தெரிந்துகொண்ட பிறகு இந்த ஓட்டம் ஓரளவு குறைந்தது. எதிர்பார்க்கும் அழைப்பு இருக்கும் நாளில் நூலகத்துக்குப் போகாமல் வீட்டிலேயே இருந்துவிடுவது நல்லது. காணொளி நேர்காணலுக்கு இது இடமே அல்ல.

இரண்டாவது, இதைவிட முக்கியமானது. இது ஒளிந்துகொள்ளவும் மிக வசதியான இடம். காலையில் சாப்பாட்டுப் பெட்டியோடு கிளம்பி, மாலையில் களைப்போடு திரும்பினால், வேலைக்குப் போய் வந்ததுபோலவே இருக்கும். வீட்டாருக்கும் நிம்மதி, நமக்கும் நிம்மதி. அந்த நிம்மதியில் விண்ணப்பங்களின் எண்ணிக்கை குறைந்துகொண்டே வரும். நடுத்தர வயதில் வேலை கிடைப்பது பெரும்பாலும் பழைய சக ஊழியர், தணிக்கையாளர், வங்கி மேலாளர் என்று நம்மைத் தெரிந்தவர்கள் வாயிலாகத்தான், அவர்களில் யாரும் கோட்டூர்புரம் நூலகத்தில் உட்கார்ந்திருப்பதில்லை. வாரத்தில் ஓரிரு நாளை அவர்களைப் போய்ப் பார்ப்பதற்கு ஒதுக்காதவருக்கு இந்த நூலகம் நன்மையைவிடத் தீமையே செய்யும் என்பது என் கருத்து.

மாற்று இடங்களையும் பார்த்தேன். மாதக் கட்டணம் வாங்கும் தனியார் படிப்பகங்கள் இப்போது நகரத்தில் பெருகியிருக்கின்றன. நான் சில நாள் போய்ப் பார்த்த ஒன்றில் இருக்கைக்கு இருக்கை தடுப்பு வைத்து, குளிர்சாதனமும் மின்னிணைப்பும் கொடுத்திருந்தார்கள். ஆனால் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கும் அந்தப் பெட்டிக்குள் மனம் இன்னும் வேகமாகச் சுழன்றது. வருமானம் நின்ற காலத்தில் மாதக் கட்டணம் என்பதும் ஒரு பாரம். தேநீர்க் கடை பெஞ்சில் பேச ஆள் கிடைக்கும், ஆனால் பேச்சு அரைமணிக்குள் ‘இந்தக் கம்பெனிக்காரங்களே இப்படித்தான்’ என்ற இடத்துக்கு வந்து நின்றுவிடும்.

இப்படி ஓர் இடம் கையை விட்டுப் போகவும் இருந்தது. திறந்து ஓராண்டு ஆன நிலையில், 2011 நவம்பரில், நூலகத்தை நுங்கம்பாக்கம் கல்லூரிச் சாலையில் உள்ள பள்ளிக் கல்வித் துறை வளாகத்துக்கு மாற்றிவிட்டுக் கட்டடத்தைக் குழந்தைகள் மருத்துவமனையாக ஆக்கப்போவதாக அன்றைய அரசு அறிவித்தது. சென்னை உயர் நீதிமன்றம் உடனடியாகத் தடை விதித்ததால் நூலகம் அதே இடத்தில் நிலைத்தது. குழந்தைகளுக்கு மருத்துவமனை வேண்டாம் என்று யாரும் சொல்லமாட்டார்கள். அதற்கு நூலகத்தைக் காலி செய்ய வேண்டுமா என்பதுதான் அப்போது எழுந்த கேள்வி. நகரத்தில் ஒரு மனிதர் பொருள் எதுவும் வாங்காமல், காரணம் எதுவும் சொல்லாமல், நாள் முழுவதும் மரியாதையாக உட்கார்ந்திருக்கக்கூடிய இடங்கள் எத்தனை என்று எண்ணிப் பார்த்தால் அந்த வழக்கின் முக்கியத்துவம் புரியும்.

சென்னையில் எழும்பூர்ப் பக்கம் இருப்பவர்களுக்கு 1896-இல் திறக்கப்பட்ட கன்னிமாரா நூலகம் அருகில் இருக்கிறது. பழைய கட்டடமும் பழைய புத்தகங்களும் பிடித்தவர்களுக்கு அதுவே பொருத்தம். மதுரைக்காரர்களுக்கு 2023 ஜூலையில் நத்தம் சாலையில் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகம் உண்டு. மற்ற ஊர்களில் மாவட்ட மைய நூலகத்தின் நாளிதழ்ப் பகுதி கோட்டூர்புரத்தின் வசதிகளோடு ஒப்பிட முடியாததாக இருக்கலாம், ஆனால் நீள நோட்டும் சிவப்புப் பேனாவும் அங்கேயும் இதே வேலையைத்தான் செய்யும்.

ஐந்துக்கு எவ்வளவு என்று கேட்டால், நாளை ஒழுங்குபடுத்தும் இடமாக நான்கரை தருவேன். வேலை தேடுவதற்கான அலுவலகமாக நினைத்துப் போகிறவர்களுக்கு இரண்டுக்கு மேல் தர முடியாது. முதன்முறை போகிறவர்கள் வார நாளில், திறந்த சற்று நேரத்துக்குள் போய்ச் சேர்ந்தால் தரைத்தளக் கூடத்தில் நிம்மதியாக இடம் பிடிக்கலாம். முந்தைய நாள் இரவே நோட்டில் மறுநாளுக்கான மூன்று வரிகளை எழுதி வைத்துக்கொண்டு போங்கள்: யாருக்கு நினைவூட்டல் அனுப்ப வேண்டும், எந்தக் கணக்குக்குக் கோடு போட வேண்டும், எந்த இதழைப் பார்க்க வேண்டும். சாப்பாட்டைக் கையோடு கொண்டுபோவது செலவுக்கு நல்லது. தொலைபேசியின் ஒலியை வாசலிலேயே அணைத்துவிடுங்கள்.